கேட்பதற்கென்றே ஓர் ஆள்

சின்னாறு செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோதுதான் அது எனக்குத் தோன்றியது. ஒரு வனக்காவலர் ஏறி, சீட்டுகளுக்கு அடியில் கம்பால் தட்டிக்கொண்டே வந்து, எங்கே போகிறாய் என்று மலையாளத்தில் கேட்டார். வீட்டுக்கு, மூணாறு, என்று மலையாளத்திலேயே சொன்னேன். அன்று காலை பாலக்காட்டிலிருந்து வரும் வழியில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா எந்த ஊர் என்று கேட்டபோது கேரளா என்று சொல்லியிருந்தேன். முந்தின நாள் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதையே கேட்டபோது தமிழ் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மூன்றும் பொய்யில்லை. மூன்று பேரிடமும் நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை என்பதில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்கிற முகத்தைப் பார்த்ததும் அதற்குத் தகுந்த ஒரு ‘நான்’ தானாக எழுந்து நின்று பதில் சொல்லிவிடுகிறது.

அப்படியென்றால் நாவல்களில் வருகிற ‘நான்’ யாருக்குப் பதில் சொல்கிறது?

பஸ்ஸிலிருந்து இறங்கி மறையூர் வரை ஓடலாம் போலிருந்தது. செமினார் கட்டுரைக்கு இரண்டு மாதமாக ஒரு வரிகூடக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு ஆங்கில இலக்கியம். விக்டோரியா ராணி காலத்து நாவல்களில் தன்மையில், அதாவது ‘நான்’ என்று, சொல்லப்படும் கதையைப் பற்றி எழுது என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். ஓர் அநாதை, அல்லது யாரோ ஒருவர் தயவில் வளர்ந்த ஏழை, பெரிய ஆளான பிறகு உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்லும் நாவல்கள். அந்தக் காலத்தில் அப்படி எழுதிக் குவித்திருக்கிறார்கள். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டிருந்தேன். சிலவற்றில் ஒருவர் சொன்ன கதையை இன்னொருவர் வந்து தொடர்கிறார், கோர்ட்டில் சாட்சி சொல்வதைப் போல. சிலவற்றில் சொல்கிறவள் தன்னைப் பற்றிய பெரிய விஷயத்தையே பாதிப் புத்தகம் வரை மறைத்து வைக்கிறாள். ஆனால் எல்லாவற்றிலும் ஏதாவதோர் இடத்தில் கதை சட்டென்று நின்றுவிடும். சொல்கிறவள் நம் பக்கம் திரும்பி, வாசகரே, என்பாள். அவமானத்தை, பொறாமையை, திருட்டை, வேறு யாரிடமும் சொல்லாததை நம்மிடம் சொல்வாள். எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும்.

விடுதியில் என் அறைத்தோழி வாளையார்க்காரி. லாரிப் புழுதி படிந்த கூரையின் கீழ் வளர்ந்தவள், எதற்கும் அசரமாட்டாள். நான் இதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவள் தூக்கத்தைக் கெடுப்பேன்.

“ஏம்புள்ள, ஒருத்தி நான்னு சொன்னா சொல்லிட்டுப் போறா, உனக்கென்ன வந்துச்சு?” என்பாள். “எங்கூட்ல எங்கப்பாரு ஒருத்தருதான் நான்னு சொல்லோணும். மத்த அத்தன பேருக்கும் ‘சரீங்க’தான்.”

அவள் அதை வேடிக்கையாகச் சொன்னாள். எங்கள் எஸ்டேட்டில் அது வேடிக்கை இல்லை.

எங்களுடையது மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டிப் பக்கம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். அப்பா காய்ச்சலில் போய்ப் பல வருடம் ஆகிறது. எங்களுக்கு இருப்பது லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அந்த அறை எஸ்டேட்டுடையது. வீட்டில் ஓர் ஆள் எஸ்டேட் வேலையில் இருக்கிற வரைதான் அது எங்களுக்கு. வேலை போனால் அறையும் போகும். பிறகு கீழே சங்கரன்கோவில் பக்கம் போக வேண்டும். அதை ஊர் என்கிறார்கள். அம்மா அங்கே ஒரு கல்யாணத்துக்கும் இரண்டு சாவுக்கும் போயிருக்கிறாள். அங்கே யாரிடமும் எங்களுக்கு ஒரு குடம் தண்ணீர் கேட்கிற உரிமைகூடக் கிடையாது.

எஸ்டேட்டில் மேனேஜர் துரையிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேட்கிறவர் பேசுவதில்லை. அதற்கு ஆள் உண்டு. அந்தக் காலத்தில் கங்காணி, இப்போது சங்கத் தலைவர். ஆபீஸ் படிக்குக் கீழே நாம் நிற்க வேண்டும், தலைத்துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு. மேலே நின்று தலைவர் நம் கதையைச் சொல்வார். ‘இந்தப் பொம்பளைக்கு’ என்று தொடங்குவார். நம் கஷ்டம், நம் குடும்பம், நம் வியாதி எல்லாம் அவர் வாயில் வேறு யாருடையதோ போல ஒலிக்கும். எதைக் கூட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எல்லார் மனதுக்குள்ளும் புகுந்து புறப்பட்டு மேலே நின்று கதை சொல்லுகிற ஆசிரியர்கள் அந்த நாவல்காரர்களிலும் உண்டு. தலைவர் அந்த வகை. எனக்கு அந்த வகை பிடிக்காது. லீவுக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம் அவரைக் கிண்டல் செய்வேன்.

போன மழைக்குப் பிறகு அம்மாவின் வலது கை மரத்துப்போயிருந்தது. மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனி வரை. சுடுதண்ணீரில் கையை அமிழ்த்திக்கொண்டு அடுப்பருகே உட்காருவாள். பக்கத்து மலைக்கு அந்தப்புறம் பள்ளிவாசல் என்கிற ஊரில் ஆற்றுத் தண்ணீரிலிருந்து கரண்டு எடுக்கிறார்கள், எங்கள் லயத்துக்குச் சிம்னி விளக்குதான். அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு நாவலை அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன். புத்தகத்தில் இருக்கிறபடியே, நான் நான் என்று சொல்வேன். பக்கத்து அறைப் பெண்களும் வந்து உட்காருவார்கள். அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள்.

“யாருட்டி இந்த நானு? நீயா?” என்று ஒருத்தி கேட்பாள். “இவளுக்கு எப்பட்டி பணக்கார மாமன் வந்தான்?” என்று இன்னொருத்தி. சிரிப்பு அடங்க நேரமாகும்.

அந்த நாவல்களில் எல்லாரும் ஓயாமல் டீ குடிக்கிறார்கள். துக்கம் வந்தால் டீ, விருந்தாளி வந்தால் டீ, பிரிவு வந்தால் டீ. அந்த ராணி இருந்த காலத்தில்தான் எங்கள் மலையில் காட்டை வெட்டிச் செடி வைத்தார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அப்ப நம்ம ஆளுக பறிச்சதத்தான் குடிச்சிருக்காளுக. அதையும் சொல்லுதாளா அவ?” என்றாள் ஒருத்தி. இல்லை, சொல்லவில்லை என்றேன்.

அம்மா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் எப்போதும் கடைசியில்தான் கேட்பாள், எல்லாரும் போன பிறகு.

“அவ இம்புட்டையும் யார்ட்டச் சொல்லுதா?”

“படிக்கிறவங்ககிட்ட.”

“அவுக கேட்டு என்ன செய்வாக?”

“ஒண்ணும் செய்யமாட்டாங்கம்மா. கேப்பாங்க.”

அம்மா தண்ணீருக்குள் கையைத் திருப்பிப் போட்டாள். “கேக்குறதுக்குன்னே ஆள் இருக்காகளா,” என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. எனக்கு அது அழகான வாக்கியமாகப் பட்டது. என் கட்டுரைக்கு ஆகும் என்று நினைத்தேன். அந்த வாக்கியம் அவளுக்குள் போய் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் யோசிக்கவில்லை.

சின்னாறில் எனக்கு அந்த எண்ணம் தோன்றிய இந்த லீவில், நான் வந்து சேர்ந்த மறுநாளே தலைவர் எங்கள் அறைக்கு வந்தார். அம்மாவால் இனிக் கொழுந்து எடுக்க முடியாது என்பது லயத்துக்கே தெரியும். துரைக்கும் சூப்பர்வைசருக்கும்தான் தெரியாது. நிரையில் கூட நிற்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி அவள் கூடையில் போட்டு, எடை குறையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூடையிலிருந்து கூடைக்குக் கொழுந்து போவது எஸ்டேட்டில் குற்றம். மழை முடிந்ததிலிருந்து அவர்கள் அதைச் செய்துவந்திருக்கிறார்கள்.

தலைவரிடம் ஒரு வழி இருந்தது. நர்சரியில் ஓர் இடம் காலி. நாற்றுக்கு நிழல் கட்டுவது, தண்ணீர் தெளிப்பது, அவ்வளவுதான் வேலை. இடது கை போதும். கை பற்றி மூச்சு விடாமல், இந்த அக்காவுக்கு நாற்று நல்லா வரும், ராசியான கை என்று சொல்லி மாற்றிவிடலாம் என்றார். கையைக் காட்டிக் கேட்டால் தகுதியில்லை என்று எழுதி வெளியே அனுப்பிவிடுவார்கள். அவசரநிலை நேரம், கொடி பிடித்து ஆபீஸ் முன்னால் உட்காரவும் முடியாது. பேசித்தான் வாங்க வேண்டும்.

“அக்கா, நாளைக்கு ஆபீஸ்ல உங்க வாய்க்கு லீவு,” என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். என்னைப் பார்த்து, “பாப்பா, உன் இங்கிலீஷுக்கும்,” என்றார்.

ராசியான கை என்றதும் எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தியின் செத்த கையை ராசியான கை என்று சொல்ல இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த அறை வேண்டும். நான் பாலக்காட்டில் உட்கார்ந்து நாவல் படிப்பதே அந்த அறை இங்கே இருப்பதால்தான்.

மறுநாள் காலை பனி இறங்கி ஆபீஸ் படியெல்லாம் நனைந்திருந்தது. அம்மா படிக்குக் கீழே நின்றாள், தலைத்துணியை மடித்து இடது கையில் வைத்துக்கொண்டு. நான் கேட்டுக்குப் பக்கத்தில். துரை புதிதாக வந்தவர், கோட்டயத்துப் பக்கம், சின்ன வயது. தமிழ் புரியும், கொஞ்சம் பேசுவார். தலைவர் நன்றாகவே சொன்னார். நாற்று, ராசி, பொறுப்பான பொம்பளை, பிள்ளை காலேஜில் படிக்குது. துரை தலையசைத்துக்கொண்டே கேட்டார். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். பிறகு, சும்மா ஒரு மரியாதைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன், அம்மாவைப் பார்த்து, எத்தனை வருஷமாக வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

இதுவரை எந்தத் துரையும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுப்பருகே கதை கேட்கும்போது என்னைப் பார்க்கிற பார்வை அது.

“நான் சொல்லுதேன் தொரை,” என்றாள்.

தலைவர், “அக்கா,” என்றார் மெதுவாக. அவள் நிறுத்தவில்லை.

“நான் இந்த மலையிலதான் பொறந்தேன். சின்னப் பிள்ளையிலேயே, வயசக் கூட்டிச் சொல்லிக் கூடைய மாட்டிவிட்டாக. இவ அப்பா போனப்பக்கூட காரியம் முடிச்ச மறுநாளு நான் நிரையில நின்னேன். ஒரு நாளும் எடை கொறஞ்சதில்ல. இப்பப் போன மழைக்கு அப்புறம் இந்தக் கை செத்துப்போச்சு தொரை. வெரலுக்கு நடுவுல கொழுந்து இருக்கா, காத்து இருக்கான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியும். கூட நிக்கிற பிள்ளைக ஆளுக்கு ஒரு பிடி எங் கூடையில போட்டு என்னைக் கரை சேத்துட்டு வாராக. அத மறைச்சு நர்சரிக்குப் போக எனக்கு மனசு ஒப்பல. இம்புட்டையும் தெரிஞ்சுக்கிட்டு நீங்க குடுத்தா வாங்கிக்கிடுதேன்.”

துரை கடைசி வரை கேட்டார். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, குறுக்கே பேசவில்லை. கண் கலங்கியது கூட உண்மை, நான் பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“கை ஒண்ணு காணிக்கூ,” என்று மலையாளத்தில் கையைக் காட்டச் சொன்னார்.

அம்மா கையை நீட்டினாள். ஒரு விரலை அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு எஸ்டேட் டாக்டரிடம் போகச் சொன்னார். அதற்கு மேல் அவர் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. காதில் விழுந்துவிட்டது. கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாதபடி அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. டாக்டர் அந்த வாரமே தகுதியில்லை என்று சொல்லிவிட்டார். மழை தொடங்குவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், அல்லது வீட்டிலிருந்து வேறோர் ஆள் வேலைக்கு வர வேண்டும். வீட்டில் வேறோர் ஆள் நான்தான்.

படியிறங்கி வரும்போது தலைவர் திட்டவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே நடந்தார்.

“அக்கா, நீங்க சொன்னதுல ஒரு பொய்யுமில்ல,” என்றார். “அதான் நமக்குச் சிக்கல்.”

இதோடு நின்றிருந்தால்கூட ஒருமாதிரி தாங்கியிருக்கலாம். அம்மா யார் பேரையும் சொல்லவில்லை. ஆனால் எந்த நிரையில் யார் நிற்கிறார்கள் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியாதா? அந்தப் பெண்களை அழைத்து எச்சரித்தார்கள். இன்னொரு தரம் கூடை மாறிக் கொழுந்து போனால் வேலை கிடையாது என்று சொன்னார்கள். நிரையைக் கலைத்து ஆளுக்கொரு மலைக்கு அனுப்பப்போவதாகவும் பேச்சு. அன்று சாயங்காலம் அம்மா குழாயடிக்குப் போனபோது அங்கே பேச்சு நின்றது. அடுப்பருகே உட்கார்ந்து சிரித்த அதே பெண்கள். ஒருத்தி மட்டும் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

“எங்களையாவது விட்டிருக்கலாம்ல மைனி.”

அம்மா நிறையாத குடத்தோடு திரும்பி வந்தாள்.

மறுநாள் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இனி எதற்கு என்பதுபோலப் பார்த்துவிட்டுக் கையை வைத்தாள். நான் அவள் அருகில் உட்கார்ந்தேன். நான்தான் அவளைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்கவும் பயமாக இருந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“நீ ஒண்ணும் சொல்லித் தரல. எனக்குத்தான் சொல்லணும்னு இருந்துச்சு,” என்றாள். பிறகு, “அவரு நல்லாத்தானட்டி கேட்டாரு?” என்றாள்.

“நல்லாத்தான் கேட்டாரும்மா.”

“உன் கதையில அவ எல்லாத்தையும் சொன்னப்பெறகு அவளுக்கு நல்லது நடக்கும்ல. வீடு கெடைக்கும்ல.”

இத்தனை நாள் நான் சொன்ன கதைகளை அவள் இப்படியா கேட்டிருக்கிறாள்? அந்த நாவல்களில் ‘நான்’ என்று சொல்லுகிறவளுக்குச் சொன்னதால் எதுவும் கிடைப்பதில்லை. பசி, அடி, குளிர் எல்லாம் முடிந்து, சொத்தோ புருஷனோ ஒரு வீடோ வந்து சேர்ந்த பிறகுதான், கணப்பருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் சொல்லவே உட்காருகிறாள். அவளை இனி யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. அதனால்தான் வாசகரே என்று அவ்வளவு தைரியமாகத் திரும்ப முடிகிறது. நல்லது முதலில் நடந்துவிட்டது, கதை பிறகு வந்தது. அம்மா கதையை முதலில் சொன்னாள், இன்னும் படிக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும்போதே. கண் கலங்கக் கேட்ட ஒரு மனிதரை வாசகர் என்று நம்பினாள். ஆனால் வாசகர் கையில் பேனா இருக்காது.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. “நடக்கும்மா,” என்றேன்.

செமினார் கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. ஆசிரியர் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். அப்படி நினைத்தவுடன் எழுந்து வெளியே போய்விட்டேன். வெளியே மலை முழுக்கச் செடி. அந்தப் பச்சையை அழகு என்று சொல்லி மாட்டுப்பட்டி அணைக்கு வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அறைத்தோழிக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன், என் பெட்டியை யாராவது மூணாறு வருகிறவர்களிடம் கொடுத்துவிடு என்று. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். படிப்பைத் தபாலில் தொடரலாம், ஒரு வருடம் போகட்டும் என்று தலைவர் சொல்கிறார். அவர் சொல்வதை நான் நம்பவில்லை. நம்புகிற மாதிரி தலையாட்டினேன்.

திங்கட்கிழமை தலைவரோடு ஆபீஸுக்குப் போகிறேன். படிக்குக் கீழே நிற்பேன். ‘இந்தப் பிள்ளைக்கு’ என்று அவர் தொடங்குவார். என் ஆங்கிலத்தைச் சொல்லமாட்டார், நான் கேட்டுக்கொண்டபடி. மூணாறு, கேரளா, தமிழ் என்று எனக்குள் வரிசையாக நிற்கிற அத்தனை ‘நான்’களும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா நின்ற அதே நிரையில் என்னைப் போடச் சொல்லிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்கள் என்னோடு பேசமாட்டார்கள். எனக்கு இன்னும் இரண்டு இலையும் குருத்தும் சேர்த்துக் கிள்ளவே சரியாக வராது, பிய்ந்துபோகிறது. அது வந்ததும், சூப்பர்வைசர் அடுத்த நிரைக்குத் திரும்புகிற நேரமாகப் பார்த்து, எதுவும் சொல்லாமல் அவர்கள் ஒவ்வொருவர் கூடையிலும் ஒரு கைப்பிடி போட்டுப் பார்க்கப்போகிறேன்.